கார்க், ரப்பர், லிக்விட்: பழைய லாரியின் ஆயில் கசிவுக்கு எதை வாங்கலாம்?

பத்து வயதைத் தாண்டிய லாரிக்குச் சிங்கப்பூரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. விக்காம், எஸ்டிஏ, ஜேஐசி என எந்தச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனாலும், இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கும் வண்டி தேறுவது கடினம். இருபது வயதில் சாலையை விட்டு இறங்கியே ஆகவேண்டிய வண்டிக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கும் முதலாளி மனத்தில் ஓடும். காக்கி புக்கிட், சின் மிங், சுங்கை காடுட் பக்கம் கேஸ்கெட் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் துண்டு) வாங்கப் போகிறவர் "ஃபுல் செட் எடுக்கிறதா, தனித்தனியா எடுக்கிறதா?" என்று குழம்பி நிற்பது இதனால்தான்.

பத்தடி, பதினாலடி லாரிகளில் ஓடும் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின்களை மனத்தில் வைத்து எழுதியது இந்த மதிப்புரை. இசுசு, கேண்டர், டைனா, ஹினோ எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆயில் கசிவுக்காக மட்டும், இன்ஜினின் எல்லா கேஸ்கெட்டும் அடங்கிய ஃபுல் செட் வாங்க வேண்டாம். ராக்கர் கவருக்கு (இன்ஜினின் மேல்மூடி) அச்சில் வார்த்த ரப்பர் கேஸ்கெட், அதன் போல்ட்டுகளுக்கான சீல் வாஷர்கள், பிதுக்கிப் பூசும் பசையான லிக்விட் கேஸ்கெட் நல்லதாக ஒரு டியூப், ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் பிளக்குக்கு வாஷர் ஒன்று. பெரும்பாலான கசிவுகளுக்கு இவ்வளவே போதும். மீதியை, எங்கே கசிகிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

அந்த உறுதிதான் பல வேலைகளில் இருப்பதில்லை. ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ராக்கர் கவரின் பின்மூலையில் கசிகிற ஆயில் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். பார்க்கிறவர் "பின் ஆயில் சீல் போச்சு" என்பார்; கிராங்க் தண்டின் பின்முனையைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையத்தைச் சொல்கிறார். கியர்பாக்ஸை இறக்கி, சீலை மாற்றி, ஒரு நாள் கூலியும் கொடுத்த பிறகு அதே இடத்தில் அதே சொட்டு நிற்கும். இதைத் தவிர்க்க முதலில் இன்ஜினைக் கழுவுங்கள். டீகிரீசர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அதிக அழுத்தமில்லாத தண்ணீரில் அலசி, காற்றடித்துக் காயவையுங்கள். ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்வது அவசியம். காய்ந்த பிறகு சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவி, வண்டியை அரைமணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பவுடர் முதலில் கறுக்கும் இடம்தான் கசிவு தொடங்கும் இடம். அதிலும் தெளியாவிட்டால் புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தை ஆயிலில் கலந்து, அதற்கான டார்ச்சால் பார்க்கலாம். கழுவிய இன்ஜினில் இந்தச் சாயம் நன்றாக வேலை செய்யும். அழுக்கேறிய இன்ஜினில் ஊற்றினால் எல்லா இடமும் மின்னும், பயனில்லை.

பெல் ஹவுசிங்கில் சொட்டுவது எந்த ஆயில் என்றும் பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக நெடியோடு இருக்கும். டீசல் இன்ஜின் ஆயில் கன்னங்கரேலென்று இருக்கும். நெடியை வைத்தே கியர்பாக்ஸின் முன்சீலா, இன்ஜினின் பின்சீலா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இன்னும் மூன்று இடங்களைப் பார்க்காமல் கேஸ்கெட் வாங்கக் கூடாது. முதலாவது ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அடித்தளத்திலேயே ஒட்டி நின்றுவிட, அதன் மேலேயே புதியதை மாட்டியிருந்தால் இரண்டு வளையம் சேர்ந்து பிதுங்கிக் கசியும். இரண்டாவது ட்ரெய்ன் பிளக் வாஷர். செம்போ அலுமினியமோ, ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி போட்டால் அது சரியாக அமராது. மூன்றாவது, ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் வேக்யூம் பம்ப். பல ஜப்பானிய டீசல்களில் பிரேக்குக்கான இந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில்தான் போய் வருகிறது. ஆயில் திரும்பி வரும் ரப்பர் ஹோஸ் வயதாகிக் கட்டையாகிவிட்டால் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. ஒரு சாண் ஹோஸ் மாற்றினால் முடிகிற வேலையை, சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கசிவு என்று நினைத்துச் சம்பை இறக்குவது வீண்.

இனி பொருள்களுக்கு வருவோம்.

ஃபுல் செட் என்பது இன்ஜினை முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்கிறவர்களுக்கானது. ஹெட் கேஸ்கெட், வால்வ் சீல்கள், மேனிஃபோல்டு கேஸ்கெட்கள், ஓ-ரிங்குகள் எல்லாம் இருக்கும். ஆயில் கசிவுக்கு அதில் பயன்படுவது நான்கைந்து துண்டுகள்தான். மற்றவை அலமாரியில் கிடந்து காயும். மலிவு செட்களில் இன்னொரு சிக்கல்: ராக்கர் கவர் கேஸ்கெட் இருக்கும், போல்ட் வாஷர்கள் இருக்காது. அரைவட்ட ரப்பர் பிளக் உள்ள இன்ஜின்களில் அந்தப் பிளக்கும் விடுபட்டிருக்கும். கசிவது பெரும்பாலும் அந்த விடுபட்ட துண்டுகளின் வழியாகத்தான். பையைக் கடையிலேயே பிரித்து எண்ணிப் பார்த்து வாங்குங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது. ஒரே இன்ஜின் பெயரில் இரண்டு வகைக் கவர்கள் வந்திருப்பது அபூர்வம் அல்ல.

கார்க் கேஸ்கெட்டை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பழைய தகட்டுக் கவர்களுக்கும் தகட்டுச் சம்புகளுக்கும் அது பொருத்தமான பொருள்தான். முகம் சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் அனுசரித்துப் போகும், சின்ன அழுத்தத்திலேயே அமரும். குறை என்னவென்றால், கடையில் பல வருடம் தொங்கிய கார்க் ஈரம் வற்றிச் சுருங்கியிருக்கும்; ஓட்டைகள் ஒத்துவராது, வளைத்தால் வெடிக்கும். மெல்ல வளைத்துப் பாருங்கள், நொறுங்கும் சத்தம் வந்தால் வேண்டாம். சற்றே சுருங்கியதை ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றிவைத்தால் விரிந்து கொடுக்கும். மாட்டும்போது இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது தவறு. ஈரச் சிலிக்கோன் வழுக்கும். போல்ட்டை இறுக்க இறுக்கக் கார்க் வெளியே பிதுங்கிக் கிழியும். நகராமல் இருக்கவேண்டுமானால் கவர் பக்கம் மட்டும் மெல்லிய ஒட்டுப்பசை தடவி, இன்ஜின் பக்கத்தை உலர்வாக விடுங்கள். இறுக்கும்போது கேஸ்கெட்டின் ஓரம் லேசாகப் புடைக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். கார்க் நாளடைவில் அமுங்கும் பொருள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒருமுறை மறுபடி பார்த்து இறுக்க வேண்டும்.

அச்சில் வார்த்த ரப்பர் கேஸ்கெட் என்று வரும்போது எந்த ரப்பர் என்பதுதான் கேள்வி. மலிவானவை நைட்ரைல். சுமார் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அந்த எல்லையிலேயே வருடக்கணக்கில் ஓடினால் பிளாஸ்டிக் போலக் கட்டையாகும். அக்ரிலிக் ரப்பர் 150 டிகிரி வரை போகும். சிலிக்கோன் ரப்பர் 200 டிகிரியையும் தாங்கும், ஆனால் டீசல் பட்டால் ஊதிப்போகும். இன்ஜெக்டர் பைப் கசிந்து கவரின் மேல் டீசல் தேங்கும் வண்டியில் அது நீடிக்காது. எந்த ரப்பர் என்று பையில் எழுதாத கேஸ்கெட்டை வாங்குவதைவிட, வண்டி நிறுவனத்தின் ஒரிஜினல் கேஸ்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது சரியான செலவு. இந்த ஒரு துண்டுக்கு மட்டும் அதைத் தயங்காமல் சொல்லலாம்.

ராக்கர் கவர் கசிந்தால் போல்ட்டை இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பல கவர்களில் போல்ட்டின் தோள் பகுதியோ உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோ ஓர் எல்லைக்கு மேல் இறங்கவிடாது. அந்த எல்லையைத் தொட்ட பிறகு எவ்வளவு முறுக்கினாலும் கேஸ்கெட்டின் மேல் அழுத்தம் ஒரு துளியும் ஏறாது. போல்ட் அறுந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அங்கே அழுத்தத்தைக் கொடுப்பது போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர். அது தட்டையாகிக் கட்டையாகியிருந்தால் புதிய கேஸ்கெட் போட்டும் கசியும். ஆகவே வாஷர்களை எப்போதும் சேர்த்தே மாற்றுங்கள். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்பதில்லை. வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில் இறுக்க வேண்டும்.

ரப்பர் கேஸ்கெட்டை உலர்ந்த முகத்தில் உலர்வாகவே வைக்க வேண்டும். ஹெட்டும் டைமிங் கவரும் சேரும் கோடு, அரைவட்டப் பிளக்கின் இரண்டு முனைகள் என மூன்று பாகங்கள் சந்திக்கும் மூலைகளில் மட்டும் பயறளவு லிக்விட் கேஸ்கெட் வையுங்கள். அந்த மூலைகளில் இடுக்கு இருக்கும்; ரப்பர் தானாக அதை அடைக்காது. மற்ற இடங்களில் பூசுவது கார்க்கில் சொன்ன அதே தீமையைத்தான் செய்யும்.

லிக்விட் கேஸ்கெட்டில் இங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பவை த்ரீபாண்டும் பெர்மாடெக்ஸும். த்ரீபாண்ட் 1207பி கறுப்பு, 1215 சாம்பல். இரண்டும் இசுசுவின் பணிமனைக் கையேடுகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுபவை; சம்புக்கு இரண்டில் எதை எடுத்தாலும் சரி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே உள்ள சாமான்கடையில் விற்கும் குளியலறைச் சிலிக்கோனை எடுக்கவே கூடாது. புளிக்காடி நெடி வருகிறதே, அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும். சூடான ஆயிலில் அந்தச் சிலிக்கோனும் ஊறி உரிந்துவிடும்.

டியூபின் அடியில் காலாவதி தேதி இருக்கும், அதைப் பாருங்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இது இறுகுகிறது. பழைய டியூப் உள்ளேயே பாதி இறுகியிருக்கும், அல்லது பூசிய பிறகு இறுகவே இறுகாது. எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு: சம்பின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீட்டர், பூசும் கோடு மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுமார் 14 மில்லி லிட்டர். 100 கிராம் டியூபில் நான்கைந்து சம்புகளைப் பூசிவிடலாம். பெரிய டியூப் வாங்கி மீதியை மூக்கோடு இறுகவிடுவது தனி வண்டிக்காரருக்கு நட்டம்.

சம்ப் வேலையில் பொருளைவிடக் கைதான் முக்கியம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் லிக்விட் கேஸ்கெட் போட்ட சம்ப் விடாது. இடுக்கில் ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பினால் அலுமினிய முகத்தில் பள்ளம் விழும், தகட்டின் விளிம்பு வளையும்; அடுத்த கசிவை அப்போதே உண்டாக்கியாயிற்று. மெல்லிய அலகுள்ள சீல் கட்டர் என்ற கருவி மலிவுதான். அதை இடுக்கில் தட்டி நுழைத்துப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போனால் பசை அறுபடும். இறக்கிய தகட்டுச் சம்பைக் கவிழ்த்துப் போல்ட் ஓட்டைகளைப் பாருங்கள். முன்பு அதிகமாக இறுக்கியவர் கைவண்ணத்தால் ஓட்டையைச் சுற்றிப் புடைத்திருக்கும். மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள், நேர்கோல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். கிரைண்டரில் மாட்டும் நாரிழைத் தேய்ப்புத் தட்டு வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள் ஆயிலில் கலந்து பேரிங்குகளை அரைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்கு இதைத் தனி அறிவிப்பாகவே அனுப்பி எச்சரித்தது. ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்று இன்ஜினைப் பறிகொடுக்க வேண்டாம்.

முகத்தைப் பிரேக் கிளீனரால் துடைத்து, துணியில் கறை வருவது நிற்கும் வரை துடையுங்கள். பிளாக்கிலிருந்து ஆயில் வழிந்துகொண்டே இருக்கும். ட்ரெய்ன் செய்துவிட்டு ஓர் இரவு நிறுத்திவைத்தால் அது அடங்கும். அவசரப்பட்டு ஈர முகத்தில் ஒட்டியதுதான் "புதுசா போட்டும் கசியுது" என்ற புகாரில் முதல் காரணம். போல்ட் ஓட்டைகளில் தேங்கிய ஆயிலையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். அடி மூடிய ஓட்டையில் ஆயில் இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் ஆயில் போக வழியில்லாமல் வார்ப்பையே வெடிக்கவைக்கும்.

கோடு தடையில்லாமல் ஒரே இழுப்பில், போல்ட் ஓட்டைகளின் உட்பக்கமாக வர வேண்டும். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது ஆபத்து. உள்ளே பிதுங்கிய புழு உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். பிரஷர் விளக்கு எரிந்தால் இன்ஜின் போயிற்று. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், பூசியதன் மேற்பரப்பில் தோல் சீக்கிரம் கட்டிவிடும். ஆகவே பூசிய ஐந்து நிமிடத்துக்குள் சம்பை ஏற்றிவிடுங்கள். தோல் கட்டிய பிறகு ஏற்றினால் ஒட்டாது. துடைத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்றி இறுக்கியதும் ஆயில் ஊற்ற டியூபில் எழுதிய நேரம் காத்திருக்க வேண்டும். சாயங்காலம் ஒட்டி, மறுநாள் காலை ஆயில் ஊற்றுவதே நல்லது.

ஆயில் சீல்களில் என்ஓகே போன்ற ஜப்பானியச் சீல்களையோ ஒரிஜினலையோதான் பரிந்துரைக்கலாம். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் பெரும்பாலும் சீலின் முகத்திலேயே அச்சாகியிருக்கும்; வெர்னியரால் பழையதோடு ஒப்பிடுங்கள். முன்சீலும் பின்சீலும் எதிரெதிர் திசையில் சுழல்வதைப் பார்ப்பவை, ஆகவே அம்புக்குறி இருந்தால் அதைக் கவனியுங்கள். ரப்பர் உதட்டுச் சீலின் உதட்டில் ஆயில் தடவி மாட்ட வேண்டும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ தட்டையான டெஃப்லான் உதடு உள்ளதை நேர்மாறாக, உலர்வாகவே மாட்ட வேண்டும். கூட வரும் பிளாஸ்டிக் வளையத்தைக் கடைசி நிமிடம் வரை கழற்றக் கூடாது, மாட்டியதும் சில மணி நேரம் விட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாச் சீலுக்கும் கிரீஸ் தடவுகிறவர்களால் புதுச் சீல் ஒரே வாரத்தில் கசிகிறது.

கிராங்கில் பழைய உதடு தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புதுச் சீல் மட்டும் போதாது. எஸ்கேஎஃப் தயாரிக்கும் ஸ்பீடி-ஸ்லீவ் 0.28 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருக்கு உறை. கிராங்கின் மேல் ஏற்றினால் புது முகம் கிடைக்கும். கிராங்கைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்பும் செலவோடு பார்த்தால் வயதான வண்டிக்கு இதுதான் நியாயமான வழி. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பாருங்கள். ஆயில் குடித்த கிளட்ச் தட்டைக் கழுவிப் போடுவது சில வாரம்தான் தாங்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் கசிந்தால், இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பிரீதரைப் பாருங்கள். உண்மையில் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது அதுதான். பிஸ்டன் ரிங் வழியே இறங்கும் புகை வெளியேற வழியில்லாவிட்டால் கிராங்கேஸில் அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். டீசலில் அது கொஞ்சம் ஆடுவது இயல்பு. எகிறி விழுந்தாலோ குபுகுபுவென்று புகை வந்தாலோ பிரீதர் ஹோஸ், கவருக்குள் இருக்கும் சல்லடை, வால்வு இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் குறையாவிட்டால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. அந்த வண்டிக்கு எந்த கேஸ்கெட் வாங்கினாலும் பணம் ஆயிலோடு போகும்.

கசிவை நிறுத்தும் என்று ஆயிலில் ஊற்ற விற்கும் மருந்துகளைப் பற்றி ஒரு வரி போதும். ரப்பரைச் சற்று ஊதவைப்பதுதான் அவற்றின் வேலை, ஆகவே கட்டையான உதட்டுச் சீலில் கொஞ்ச நாள் பலன் தெரியலாம். கார்க்கிலும் லிக்விட் கேஸ்கெட்டிலும் எதுவும் செய்யாது.

ஒர்க்ஷாப்பில் கொடுத்துச் செய்வதானால், கழுவிப் பார்த்து இடத்தைக் காட்டிய பிறகே விலை பேசுங்கள். "சம்ப், ராக்கர் கவர், சீல் எல்லாம் சேர்த்து" என்று பார்க்காமலே தொகை சொல்லும் இடத்தைத் தவிர்க்கலாம். ராக்கர் கவர் ஓரிரு மணி நேர வேலை, சம்ப் வண்டியைப் பொறுத்து அரைநாள், பின்சீல் ஒரு முழு நாள். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உடைந்த இடமும் கறுத்த கோடும் நீங்கள் பார்த்த கசிவோடு ஒத்துப்போக வேண்டும். சொந்தக் கையால் செய்கிறவர்கள் வீவக வாகன நிறுத்துமிடத்தில் சம்பை இறக்காதீர்கள். கழிவு ஆயில் இங்கே நச்சுத் தொழிற்கழிவுப் பட்டியலில் இருக்கிறது, உரிமம் பெற்றவர்தான் எடுத்துச்செல்ல வேண்டும். வடிகாலில் ஊற்றுவது குற்றம். பழக்கமான ஒர்க்ஷாப்பின் ட்ரம்மில் ஊற்ற முன்கூட்டியே கேட்டுவைத்துவிட்டு ட்ரெய்ன் பிளக்கில் கை வையுங்கள்.